சீர் ஆடு எழுந்து நின்ற விவரம்

கீழ்பென்னாத்தூரில் நெல்லையும் மல்லாட்டைக் கடலையையும் எங்கள் மாப்பிள்ளையையும் ஒரே கண்டிப்போடு வளர்த்து ஆளாக்கிய மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா திருமதி ராணியம்மாள் அவர்களுக்கு,

திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கத்திலிருந்து தங்கள் மருமகள் கவிநிலாவின் தகப்பன், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் மண்ணாங்கட்டி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ராஜம்மாளும் சுகம். தங்கள் முழங்கால் வலி குறைந்து தாங்கள் பழையபடி வரப்பில் நடக்கிறீர்களா என்று அறிய ஆவல். சென்னையில் மாப்பிள்ளை, கவிநிலா, பேத்தி இனியா மூவரும் சுகம் என்று போனில் தெரிந்துகொண்டோம்.

போனிலேயே பேசியிருக்கலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் தாங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், கடைசியில் தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன், பிறகு ராஜம்மாள் "இன்னா சொன்னாங்க, இன்னா சொன்னீங்க?" என்று கேட்கும்போது எனக்கே தெரியாது. ஆகவே யாரும் குறுக்கே பேச முடியாத வழியைத் தேர்ந்தெடுத்தேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனியாவின் காதணி விழாவுக்கு நாங்கள் வருவோம். தட்டு வரும், பழம் வரும், பட்டுப்பாவாடை வரும், கம்மல் வரும், மேளம் வரும். ஆடு வராது.

இதைப் படித்ததும் தங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கோபத்தோடாவது கடைசி வரை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெண் வீட்டார் சீர் கொண்டு வரும்போது முனீஸ்வரனுக்கு ஓர் ஆடும் பிடித்து வரவேண்டும் என்பது தங்கள் பக்கத்து முறை என்று கல்யாணத்தின்போதே கேள்விப்பட்டிருக்கிறேன். என்னை வாங்கச் சொன்னால் ஆட்டுக்குப் பதிலாக எதையாவது பிடித்து வருவேன் என்று தாங்கள் நினைத்திருக்கலாம், அதில் தப்பும் இல்லை. நான் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன், ஆட்டைத் தட்டில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனவே தாங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேனில் ஏற்றிவிட்டு, "ஆடு வருது சம்மந்தி, நல்லா பாத்துக்கோங்க" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். தங்கள் ஊர் ஆட்டை நான் தீனி போட்டுத் தேற்றி, மாலை போட்டு, மேளத்தோடு தங்கள் ஊருக்கே சீராகத் திருப்பிக் கொண்டு வர வேண்டும் என்று புரிந்துகொண்டேன். வேனிலிருந்து இறங்கியது பெட்டை ஆடு. "சாமிக்குக் கெடாதானே வுடுவாங்க?" என்று ராஜம்மாள் கேட்டாள். "சம்பந்தி அம்மாவுக்குத் தெரியாததா? நீ சும்மா இரு" என்று அவளை அடக்கினேன். பெண்ணைக் கொடுத்தவன் ஆட்டைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்பது என் கொள்கை.

கறுப்பு ஆடு, காது மட்டும் வெள்ளை. நல்ல சுபாவம். காலையில் நான் உடற்பயிற்சி செய்யும்போது எதிரே படுத்து அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருக்கும். தெருவில் நான் செய்வதை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. கொடுக்காப்புளித் தழை, அகத்தி, ஊறவைத்த கம்பு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். வயிறு நாளுக்கு நாள் உருண்டு திரண்டது. வருகிறவர்களை எல்லாம் பின்பக்கம் கூட்டிப் போய், "பாத்தீங்களா, நான் போட்ட தீனி" என்று காட்டினேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கே தெரியும் என்று நினைத்துவிட்டார்களாம்.

பௌர்ணமி அன்று மத்தியானம் ஆடு தழையைத் தொடவில்லை. படுத்தது, எழுந்தது, காலால் தரையைக் கீறியது, பல்லைக் கடித்தது. அஜீரணம் என்று முடிவு செய்து ஓமத் தண்ணீர் காய்ச்சச் சொன்னேன். எங்கள் வீட்டை ஒட்டிய கடை நூருல்லா பாய், ஆட்டோவுக்கு சீட் கவர் தைப்பவர், தங்களுக்குத் தெரியும், கவிநிலா கல்யாணத்தில் தங்கள் பந்தியில் உட்கார்ந்து மூன்று தரம் பாயசம் கேட்டாரே அவர்தான், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஆட்டைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"சார், இது அஜீரணம் இல்ல. பிரசவ வலி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வூட்ல மூணு தபா பாத்துருக்கேன் சார். ஆஸ்பத்திரி வராண்டால நின்னுக்கினு."

சம்பந்தி அம்மா, விளையாட்டு மைதானத்தில் எத்தனையோ கை ஒடிந்ததையும் முட்டி பிசகியதையும் பார்த்தவன் நான். ஆனால் அந்த ஆடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அது கத்தல் இல்லை, கேள்வி. உடனே கால்நடை டாக்டர் தேவிப்ரியாவுக்குப் போன் போட்டேன். என்னிடம் படித்த பெண். பள்ளியில் நான் என்ன சொன்னாலும் "எஸ் சார்" என்பாள். அன்று நான் ஓமத் தண்ணீர் என்று ஆரம்பித்ததுமே, "சார், நீங்க பேசாம நான் சொல்றத மட்டும் செய்யுங்க. கைய சோப்பு போட்டு கழுவுங்க. ஆனா எதையும் புடிச்சி இழுக்காதீங்க. நான் வரேன்" என்றாள்.

வரேன் என்று சொல்லிவிட்டாள், எப்படி வருவது? பௌர்ணமி அன்று நம் ஊர் எப்படி இருக்கும் என்று தாங்கள் அறிவீர்கள். கிரிவலப் பாதையில் தலைதான் தெரியும், தரை தெரியாது. வண்டியை எங்கேயோ தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து வந்திருக்கிறாள். கூட்டம் அவளை நம் சந்து முனையைத் தாண்டித் தள்ளிக்கொண்டே போய்விட்டது. "சார், உங்க சந்து பின்னாடி போயிடிச்சி! யாரையாவது அனுப்புங்க!" என்று போனில் கத்துகிறாள். யாரை அனுப்புவது? நான் ஆட்டைப் பிடித்திருக்கிறேன், நூருல்லா பாய் என்னைப் பிடித்திருக்கிறார். அப்போது மாடியிலிருந்து நம் வாடகைக்காரர் இறங்கி வந்தார். நெல்லூர்க்காரர், வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு வருஷம் பேசுவதில்லை என்று விரதம் எடுத்து நம் வீட்டில் தங்கியிருப்பவர். தண்ணீர் வரவில்லை என்றால்கூட சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார். அவர் ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிலேட்டை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினார். கூட்டத்துக்கு நடுவே போய் நின்று, "மேக டாக்டர்! மேக டாக்டர்!" என்று தெலுங்கில் அடிவயிற்றிலிருந்து கத்தினார். மேக என்றால் ஆடாம். பின்னால் வந்த சிலர் அதற்கும் "அரோகரா" என்றார்கள். ஆனால் டாக்டரின் காதில் விழுந்துவிட்டது. அவர் அவள் கையைப் பிடித்து, ஆற்றில் எதிர்நீச்சல் போடுவது போல இழுத்து வந்து சேர்த்தார். விரதம் போச்சே சார் என்று பிறகு நான் வருத்தப்பட்டபோது, "போன்லெண்டி" என்று கையை வீசினார். போகட்டும் என்று அர்த்தமாம். அன்றிலிருந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறார், அது வேறு கதை.

டாக்டர் வந்து கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு கால் முன்னால் வந்திருந்தது, இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. அதனால்தான் ஆடு எவ்வளவு முக்கியும் குட்டி வரவில்லை. அவள் நிதானமாக உள்ளே தள்ளி, காலை நிமிர்த்தி, ஆடு முக்கும்போது மட்டும் இழுத்து எடுத்தாள். அந்தக் குட்டிக்கு உயிர் இல்லை. ராஜம்மாள் முந்தானையால் அதை மூடினாள். டாக்டர் மறுபடி கையை விட்டுப் பார்த்து, "இன்னொண்ணு இருக்கு சார்" என்றாள். இரண்டாவது குட்டி நனைந்த துணி மாதிரி வந்து விழுந்தது. மூச்சு இல்லை. டாக்டர் அதன் மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையைத் துடைத்து, வைக்கோலால் விலாவைப் பரபரவென்று தேய்த்து, மூக்குக்குள் ஒரு வைக்கோல் துரும்பை விட்டாள். தும்மியது சம்பந்தி அம்மா. அந்தச் சின்னத் தும்மலுக்கு நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து கை தட்டினோம். நூருல்லா பாய் மட்டும் தட்டவில்லை. அவர் சுவரோரம் மயங்கி உட்கார்ந்திருந்தார்.

தாங்கள் இத்தோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இனிமேல்தான் வேலை ஆரம்பம் என்று டாக்டர் சொன்னாள். ஆடு எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் குட்டி வழியில் சிக்கியதில் பின்னங்கால் நரம்பு அடிபட்டிருக்கிறதாம். ஊசி போட்டாள். கால்சியம் ஏற்றினாள். குட்டியின் தொப்புளில் மருந்து தடவினாள். "சார், எழுந்து நிக்குமா நிக்காதான்னு இப்ப சொல்ல முடியாது. ஒரே பக்கமா படுக்க வுடாதீங்க, வயிறு உப்பிக்கும். நெஞ்சு தரையில படற மாதிரி உக்கார வெச்சி, ரெண்டு பக்கமும் கோணி முட்டு குடுங்க. அடிக்கடி பக்கம் மாத்துங்க. காலை நீவி வுடுங்க. வெதுவெதுப்பான தண்ணில வெல்லமும் உப்பும் கலந்து குடுங்க. குட்டிக்கு சீம்பால் உடனே போவணும். நஞ்சுக்கொடி தானா விழும், யார் சொன்னாலும் இழுக்கக் கூடாது" என்று அடுக்கினாள். நான் விறைப்பாக நின்று "எஸ் மேடம்" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

யார் சொன்னாலும் என்று அவள் சொன்னது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. கிரிவலம் போகிறவர்கள் தண்ணீர் கேட்டு வந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்து, ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். நஞ்சில் செருப்பைக் கட்டித் தொங்கவிடு என்று ஒருவர். கல்லைக் கட்டு என்று இன்னொருவர். மூங்கில் இலை கொடு என்று ஒரு அம்மா. காவி கட்டிய ஒருவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, இது உங்கள் போன ஜென்மத்து உறவு என்றார். ராஜம்மாள் "எந்தப் பக்கத்து உறவு?" என்று கேட்டாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் மட்டும் கொடுத்து, வைத்தியத்தை எல்லாம் திருப்பி அனுப்பினேன். மறுநாள் நஞ்சு தானாகவே விழுந்தது. டாக்டருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கைதவறி அது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. மாப்பிள்ளை அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன், மன்னிக்கச் சொல்லவும்.

குட்டிக்குப் பால் குடிக்கத் தெரியவில்லை. ராஜம்மாள் சீம்பாலைக் கறந்து கொடுக்க, ஊசி எடுத்த சிரிஞ்சில் உறிஞ்சி, கடைவாயோரம் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடுமாம். ஓட்டப்பந்தயத்துக்கே விசில் ஊதிப் பழகியவன் சம்பந்தி அம்மா நான், வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக எதையும் செய்ததில்லை. இந்த நேரத்தில்தான் ராஜம்மாள் ஒரு காரியம் செய்தாள். பெண் குட்டி, பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று பாசத்தில் வெந்நீர் வைத்து, வாசனை சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்து, கவிநிலாவைத் தொட்டிலிலிருந்து தூக்கி வருவது போலத் தூக்கி வந்து தாயிடம் விட்டாள். தாய் ஒரு தரம் முகர்ந்து பார்த்தது. மூக்கைச் சுருக்கியது. படுத்த இடத்திலிருந்தே தலையால் ஒரு முட்டு முட்டியது. குட்டி உருண்டு போய் என் காலில் விழுந்தது. டாக்டரிடம் போனில் சொன்னபோது, "ஆட்டுக்கு அடையாளமே வாசனைதான் சார். நீங்க பவுடர் போட்டு அடுத்த வூட்டு புள்ளயா ஆக்கிட்டீங்க" என்றாள்.

"நானா போட்டேன்?" என்றேன். ராஜம்மாள் பவுடர் டப்பாவை முந்தானைக்குள் மறைத்தாள்.

தாயின் பாலையே குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவி, தாய் படுத்த வைக்கோலால் துடைத்துத் துடைத்துப் பழைய வாசனையைக் கொண்டு வரப் பாடுபட்டோம். மேலே கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள் டாக்டர், உப்புக்காகவாவது நக்கும் என்று. நக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. செத்த குட்டியைப் புதைத்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று குட்டியின் உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. அட்டைப் பெட்டிக்குள் துணி போட்டு மேலே குண்டு பல்பு தொங்கவிட்டோம், கரண்ட் போய்விட்டது. நெல்லூர்க்காரர் தன் தியானக் கம்பளியைக் கொண்டு வந்து சுற்றினார். நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் குட்டியை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் இதயம் என் விரலுக்கு அடியில் அடித்துக்கொண்டது. இது போய்விட்டால் சம்பந்தி அம்மாவுக்கு என்ன சொல்வது என்ற நினைப்பே எனக்கு அப்போது வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இது போகக் கூடாது என்ற நினைப்புதான் இருந்தது.

பேர் வைக்க வேண்டும் என்று ராஜம்மாள் சொன்னாள். மகாலட்சுமி என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது என் பேரைப் பார்த்து அச்சகத்துக்காரர் சிரித்தார், தாங்கள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டீர்கள், பரவாயில்லை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரும் தங்கவில்லை. மூன்றாவதாக நான் பிறந்ததும், எமன் காதில் விழுந்தால்கூட இது எதற்கு நமக்கு என்று தாண்டிப் போய்விடட்டும் என்று என் அப்பா மண்ணாங்கட்டி என்று வைத்தார். எமனும் இத்தனை வருஷமாகத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறான், பென்ஷன் அலுவலகமும் அப்படித்தான். எனவே குட்டிக்குக் கொட்டாங்குச்சி என்று பேர் வைத்தேன். "த்தூ, நல்ல பேரு" என்றாள் ராஜம்மாள். நூருல்லா பாய்க்குப் புரிந்தது. "எங்க பக்கமும் சில பேர் அப்டி வெப்பாங்க சார்" என்று சொல்லி, குட்டியின் காதில் மூன்று முறை அந்தப் பேரைச் சொல்லிவிட்டுப் போனார். விடியும்போது கொட்டாங்குச்சி என் கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

இனி தாய் விஷயம். எழுந்து நிற்காத ஆட்டை நிற்க வைத்துப் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "கால் வலிக்குது சார்" என்று சொல்லும் பிள்ளைகளை நிற்க வைப்பதுதானே என் வாழ்நாள் தொழில்? வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்து நானும் நெல்லூர்க்காரரும் தூக்கினோம். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நூருல்லா பாய் தலையை ஆட்டினார். "துண்டெல்லாம் வேலைக்கு ஆவாது சார். நான் தெச்சித் தரேன்" என்று டேப்பை எடுத்து வந்து, சம்பந்தி வீட்டுப் பெண்ணுக்கு ரவிக்கை அளவெடுப்பது போல அத்தனை மரியாதையாக ஆட்டுக்கு அளவெடுத்தார். இடுப்பு ஜாஸ்தி, கழுத்து கம்மி என்று சொல்லிக்கொண்டார். சாயங்காலம் கொண்டு வந்தார் பாருங்கள், சிவப்பு ரெக்ஸின், மஞ்சள் பைப்பிங், உள்ளே பஞ்சு, நாலு காலுக்கும் நாலு ஓட்டை, இரண்டு பக்கமும் குஞ்சம். "குஞ்சம் எதுக்கு பாய்?" என்றேன். "குஞ்சம் இல்லாம எங்க கடைல எதுவும் வெளிய போவாது சார்" என்றார். இனியாவுக்குத் தூளி கட்டிய கொக்கியில் அதை மாட்டி ஆட்டைத் தொங்கவிட்டோம். குளம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஆடு ராணி மாதிரி தொங்கிக்கொண்டு அகத்திக் கீரை தின்றது.

காலையும் மாலையும் பயிற்சி. நான் எதிரே நின்று விசில் ஊதுவேன், நெல்லூர்க்காரர் பின்னங்காலை நீவிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைப்பார். லெஃப்ட், ரைட். முதல் விசிலுக்கே ஆடு பயந்து ரெக்ஸினைக் கெடுத்துவிட்டது. "ஏங்க, அதுக்கு விசில் புடிக்கல" என்றாள் ராஜம்மாள். "யாருக்குப் புடிக்கும்? புடிக்காததாலதான் எழுந்திருப்பாங்க" என்றேன். நான் விடவில்லை. தெருவில் போகிறவர்கள் வீட்டுக்குள் யாரோ ராணுவத்துக்குப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று நினைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாளில் எழவில்லை என்றால் அதை வைத்திருப்பது ஆட்டுக்குக் கஷ்டம் சார், யோசிச்சுக்கோங்க என்றாள். நான் அவளிடம், "என்கிட்ட படிச்ச யாரையாவது நான் பாதி கிரவுண்டுல விட்டுட்டு வந்திருக்கனா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இல்ல சார்" என்றாள். ஊசியைப் போட்டுவிட்டுப் போனாள்.

நேற்று முன்தினம் காலையில் நடந்தது இது. கொக்கியைக் கழற்றி ஆட்டைக் கோணிமேல் படுக்க வைத்திருந்தோம். ராஜம்மாள் குட்டியைச் சமையலறைக்குத் தூக்கிப் போய் அடுப்பு ஓரமாக விட்டிருந்தாள். அது அங்கிருந்து ஒரு கத்தல் கத்தியது. பிறந்ததிலிருந்து முனகிக்கொண்டிருந்ததுதான், கத்தியது அன்றுதான். ஆடு காதைத் தூக்கியது. நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதுவதற்குள் அது முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கத்தை ஒரு உலுக்கு உலுக்கி, எழுந்து நின்றது. கால் நடுங்கியது. விழுந்துவிடும் என்று நான் கையை நீட்டினேன், என்னை முட்டித் தள்ளிவிட்டு, கோணல் மாணலாக நடந்து, நிலைப்படியில் இடித்துக்கொண்டு, சமையலறைக்குள் போய்க் குட்டியை நக்க ஆரம்பித்தது. தலையிலிருந்து வால் வரை நக்கியது. கொட்டாங்குச்சி மடியைத் தேடிப்பிடித்து முட்டி முட்டிக் குடித்தது, வால் விசிறி மாதிரி ஆடியது. ராஜம்மாள் கரண்டியோடு அழுதாள். நூருல்லா பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து வாசலில் நின்று அழுதார். நெல்லூர்க்காரர் தெலுங்கில் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் அழவில்லை, கண்ணில் தூசி. விசில் வாயில் இருந்ததால்தான் எழுந்தது என்று நான் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள் சம்பந்தி அம்மா, இந்த ஆட்டுக்கு நான் மாலை போட்டுக் கூட்டி வந்து முனீஸ்வரன் முன்னால் நிறுத்துவதா? முடியாது. முறை தவறுகிறது என்று தங்கள் பங்காளிகள் சொன்னால் சொல்லட்டும். பெண் வீட்டுக்காரன் கஞ்சன் என்றால் ஏற்றுக்கொள்கிறேன், கோழை என்றால் ஏற்றுக்கொள்கிறேன், பந்தியில் எனக்குக் கடைசி வரிசையில் இலை போட்டாலும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். முனீஸ்வரனுக்கு நானே நேரில் வந்து பொங்கல் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, விஷயத்தை எடுத்துச் சொல்கிறேன், அவருக்கும் இரக்கம் இருக்கும். வேறு ஆடு வாங்கிக் கொண்டு வரவும் என்னால் ஆகாது. இப்போதெல்லாம் எந்த ஆட்டைப் பார்த்தாலும் முகம் தெரிந்த மாதிரி இருக்கிறது. இதுவரை தங்கள் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை நான். இந்த ஒன்றில் பேசுகிறேன். இது என் முடிவு, ராஜம்மாளின் முடிவும் இதுதான், நெல்லூர்க்காரர் கேட்கப்படாமலே தன் முடிவையும் சொல்லிவிட்டார்.

தங்கள் கழனியில் மல்லாட்டை கொத்துக் கொத்தாகக் காய்க்கவும், முழங்கால் வலி இருந்த இடம் தெரியாமல் போகவும், பேரப்பிள்ளைகள் தங்கள் மடியில் ஏறி விளையாடவும் அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். தவறாக ஏதாவது எழுதியிருந்தால் ஆட்டின் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நிமிர்ந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி
மண்ணாங்கட்டி

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டிக்குக் கிளம்பிச் செருப்பில் கால் நுழைக்கும்போது வாசலில் ஆட்டோ நின்று, அதிலிருந்து தாங்களே இறங்கினீர்கள். தாங்கள் பேசியதைத் தங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, "ஆடு காதுகுத்துக்கு வராதுங்கம்மா" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"காதுகுத்துக்கு ஆடு இன்னாத்துக்கு வரணும்? கெடா எங்க வூட்ல கட்டிக் கெடக்குது" என்றீர்கள்.

"அப்ப இது?"

"செனை ஆட்ட எவனாவது சாமிக்கு வுடுவானா சம்மந்தி? இது உங்களுக்குன்னு அனுப்பினது. பாத்தாலே தெரியும்னு நானும் சொல்லாம வுட்டுட்டேன்."

எனக்கு எதற்கு என்று கேட்டேன். தாங்கள் ராஜம்மாளைப் பார்த்தீர்கள். ராஜம்மாள் கூரையைப் பார்த்தாள். பிறகுதான் சொன்னீர்கள். நான் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று பயிற்சி எடுக்க வைப்பதாகவும், அதனால் உறவுக்காரர்கள் வருவதையே நிறுத்திவிட்டதாகவும், அப்பாவுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் அத்தை என்று கவிநிலா தங்களிடம் கேட்டதாகவும், ராஜம்மாளும் சேர்ந்துதான் கேட்டதாகவும். அப்புறம் பின்பக்கம் போய், முழங்கால் வலியையும் பார்க்காமல் கீழே உட்கார்ந்து, ஆட்டின் கண்ணை இழுத்துப் பார்த்து, மடியைத் தொட்டுப் பார்த்து, குட்டியை மடியில் போட்டுக்கொண்டீர்கள். "எங்க ஊர்லயே இத பொழைக்க வெச்சிருக்க மாட்டாங்க" என்று சொன்னீர்கள். போகும்போது, இன்னும் இரண்டு ஆடு ஏற்றி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆட்டோவில் ஏறிவிட்டீர்கள்.

யாரும் கேட்காத ஒன்றை எதிர்த்து இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் இந்த வயதில் நான் ஒருவரிடம் முடியாது என்று சொல்லி எழுதியது இதுதான் முதல் தடவை, கிழிக்க மனம் வரவில்லை. ஆகவே உறையைப் பிரித்து இதையும் சேர்த்து ஒட்டித் தபாலில் போடுகிறேன். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வரப்போகிற இரண்டும் எத்தனை மாசச் சினை என்பதை ஆட்டோடு சேர்த்துச் சொல்லி அனுப்பவும், இரண்டும் பௌர்ணமி இல்லாத வாரமாகப் பார்த்துக் குட்டி போடும்படியும் ஏற்பாடு செய்யவும்.